மல்பேயில் பார்த்த முதுகு

புன்னைக்காயல்
4 நவம்பர் 2024

மாமாவுக்கு,

உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். டவர் கோளாறு இல்லை, நான்தான். போனில் என்றால் நீங்கள் பேசிக்கொண்டே போவீர்கள், கோபமாக ஆரம்பிக்கிற நான் கடைசியில் சிரித்துவிடுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். பூசைக்கருத்து எழுதும்போது பங்கு ஆபீஸில் நான் கொடுத்திருந்தது, "அமலன் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகள் விஜிலா." எனக்குத் தெரியாமல் அம்மா போய்க் கொடுத்திருந்தது, "அமலன் சுகமாய் வீடு வந்து சேர, மனைவி கிளாடிஸ்." சாமியார் ஊருக்குப் புதியவர். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மைக்கில் வாசித்துவிட்டார். ஒரு வரியில் அப்பா செத்துப்போயிருந்தார், அடுத்த வரியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா என் தோளை ஒட்டித்தான் நின்றாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஜீவமணி பெரியம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஏளா, உங்கப்பன் இருக்கானா இல்லையான்னு ஆத்தாளும் மவளும் வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிட்டு வரப்பிடாதா?"

நீங்கள் மறந்துவிட்டது போலத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். அப்பா போன லாஞ்சு புயலில் கவிழ்ந்து நாலு வருஷம் ஆகிறது. இரண்டு பேருடைய உடல் கரைக்கு வந்தது. மற்றவர்கள் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. அம்மா அழுது, வேண்டி, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக இந்த வருஷம்தான் கல்லறைத் தோட்டத்தில் பெயர் வெட்டிய ஒரு கல்லாவது வைப்போம் என்று அவளே சொன்னாள். அந்த மாதம்தான் நீங்கள் கர்நாடகத்திலிருந்து லீவில் வந்தீர்கள். சோற்றில் கை வைத்துக்கொண்டே, "மல்பே துறைமுகத்தில் அத்தான் மாதிரி ஒரு முதுகைப் பாத்தேன்" என்றீர்கள்.

ஆகஸ்டில் அது முதுகு. செப்டம்பரில் போனில் அதற்கு முகம் முளைத்தது. அக்டோபரில் அந்த முகம் உங்களிடம் பீடி கேட்டது.

கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அம்மா. மாமா, நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

விஜிலா


மல்பே
12 நவம்பர் 2024

சேசு மரி சூசை துணை. மழைக்கு ஒழுகாத இந்த ஐஸ் பிளான்ட் கொட்டகையும் துணை.

என் பிரியமுள்ள மருமகளுக்கு அற்புதமணி மாமன் எழுதுதது. என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. என்னைத் தேடி வர எந்த வியாதிக்கும் இன்னும் தைரியம் வரல.

நீ கடிதம் போட்டது ரொம்ப நல்லது. என் கையெழுத்தைப் பாத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டரு தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கழத்தி எனக்குக் கொடுத்தாரு, உங்கம்மாவைக் கேளு. எட்டாங்கிளாசோட நான் நின்னதுல எனக்கு நஷ்டம் இல்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான். இங்கன ஐஸ் பிளான்டில் எனக்கு சூப்பர்வைசருக்கும் மேலே ஒரு பதவி. அதுக்கு இன்னும் பேரு வைக்கல. காலையில முதலாளி என் முகத்தைப் பாத்துட்டுத்தான் சுவிட்சைப் போடுதான். நான் ஒருநாள் படுத்தா மல்பே மீன் பூரா நாறிரும்.

பீடி விஷயம் பொய்யின்னா சொல்லுதே? கேட்டதோட விட்டாரா, நான்தான் பத்தவும் வச்சேன். காத்துல மூணு குச்சி அணைஞ்சு போச்சு. போன வாரம் இங்கத்துக்காரன் மாதிரியே துளு பேசினாரு. தலையில அடிபட்டு ஊரு மறந்துபோச்சுளா. உப்புத் தண்ணி மண்டைக்குள்ள போனா அப்படி ஆகும்னு இங்கன ஒரு பெரிய டாக்டரே எங்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு.

ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்கு நான் அந்த முதுகைப் பத்திச் சொன்னதும் உங்கம்மா ரெண்டாவது தடவை சோறு போட்டுத் தின்னா. நீ ஆபீசுக்குப் போற அவசரத்துல கவனிக்கல. நான் கவனிச்சேன். எங்கக்கா சிரிச்சு நான் பாத்தது எப்பவோ.

சரி, உனக்காக ஒரு சத்தியம். முதுகைப் பாத்தேன், விஜி. பேச்சிராஜா டீக்கடை வாசல்ல. இடது தோளு லேசா இறங்கி, அத்தான் நடக்கிற மாதிரியே. "அத்தான்"னு கூப்பிட்டேன். திரும்பல.

மத்ததைப் பத்தி அடுத்த கடிதத்துல.

அற்புதமணி


புன்னைக்காயல்
25 நவம்பர் 2024

மாமாவுக்கு,

திரும்பவில்லை என்ற இடத்திலேயே நீங்களும் நின்றிருக்கலாம்.

ஜெனோவின் அம்மா ஏஞ்சலின் அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். ஜெனோ கப்பலில் இருந்து ஏப்ரலில் இறங்குகிறான், உயிர்ப்புத் திருநாள் கழித்து எனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்பது பேச்சு. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் அல்லவா. அத்தை காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"மதினி, ஓலையில 'காலஞ்சென்ற அமலன் மகள்'னு வாசிக்கச் சொல்லவா, 'அமலன் மகள்'னா?"

அம்மா, "அமலன் மகள்னே வாசிக்கட்டும். அவரே வந்து பிள்ளையைக் கைபிடிச்சுக் கொடுப்பாரு" என்றாள்.

"இருக்கிற மனுசன் நாலு வருசமா வீட்டுக்கு வரலேன்னா அது செத்ததைவிடக் கேவலமில்லையா மதினி? அங்கன வேற குடும்பம் வச்சிருக்காரான்னு எங்க சொந்தக்காரன் கேப்பானே, நான் என்னத்தைச் சொல்ல?"

அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அத்தை என்னிடம் மெதுவாக, "ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்கள். ஜெனோவுக்கு மெசேஜ் அனுப்பினேன். சிக்னல் கிடைத்த துறைமுகத்திலிருந்து ஒரு வரி வந்தது: "அம்மா சொல்றபடி செய்." யார் அம்மா என்று அவன் எழுதவில்லை.

நீங்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை, ஊரில் மட்டும் "விஜி தூத்துக்குடி ஹார்பரையே நடத்துதா" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் என்ன செய்கிறேன் தெரியுமா? ஆள் வந்து எடுக்காத கன்டெய்னர்களுக்கு நோட்டீஸ் அடிக்கிறேன். உங்கள் சரக்கு யார்டில் கிடக்கிறது, வந்து எடுங்கள். பதில் இல்லை என்றால் இன்னொரு நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லை என்றால் ஏலம். எந்தப் பெட்டிக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. பக்கத்து சீட் ஷஃபீகா காயல்பட்டினத்துப் பெண். அவளிடம் மட்டும் இதையெல்லாம் சொல்வேன். "எங்க ஊர்ல மாப்பிள்ளை மவுத்தானா பொண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளயே இத்தா இருப்பா. அது முடிஞ்சா வெளிய வந்துருவா. உங்கம்மாவுக்கு யாரு புள்ள நாள் குறிக்கிறது?" என்று கேட்டாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஆத்தூர் தாண்டும்போது வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. அம்மா இப்போது மூன்று பேருக்குச் சோறு வைக்கிறாள். மீன் குழம்பில் தலைத்துண்டை எடுத்துத் தனியாக மூடி வைக்கிறாள். காலையில் அதை நான் பூனைக்குப் போடுகிறேன். எனக்கு இருபத்தாறு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கவும், வேலைக்குப் போகவும், அழவும் கற்றுக்கொண்டுவிட்டேன். இல்லாத ஆளுக்கு எடுத்து வைத்த மீனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அம்மாவிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். முதலில் அவளிடம்.

விஜிலா


மல்பே
9 டிசம்பர் 2024

மருமகளே,

அவசரத்துல எழுதுதேன், சாமி துணையெல்லாம் அடுத்த கடிதத்துல சேர்த்துப் போடுதேன்.

உங்கம்மா இங்கன வந்துட்டா.

உன் கடிதம் கைக்கு வந்த மறுநாளு, ஐஸ் ஏத்திக்கிட்டு நிக்கேன், "ஏலே அற்புதம்"னு சத்தம். திரும்பினா எங்கக்கா. மைசூர் வரைக்கும் ரயிலு, அங்கிருந்து ரெண்டு பஸ்ஸு, பாஷை தெரியாத ஊரு, தனியாளா வந்து நிக்கா. எங்க குடும்பத்துத் தைரியம் அது, என் ரத்தமில்லையா. கையில ஒரு பை. அதுல புது வேட்டி, புதுச் சட்டை, ஒரு பொட்டணம் கருவாடு. "அவரு எங்க?"ன்னு கேக்கா. தண்ணி கூடக் குடிக்கல.

சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன், சத்தியமா. "இன்னைக்குக் கடலுக்குப் போயிருப்பாரு"ன்னு வந்துட்டு.

பேச்சிராஜா கடைக்குக் கூட்டிப் போனேன். அவன் கோவில்பட்டிக்காரன். கைகாட்டித் தப்பிச்சிரலாம்னு நினைச்சேன், விஜி. அவன் தெரியாதுன்னு சொன்னா முடிஞ்சது. அந்தப் பாவி என்ன சொன்னான் தெரியுமா? "ஆமா அக்கா, தாடி வச்ச ஆளு. சீனி கம்மியா கேப்பாரு. யாருட்டயும் பேச மாட்டாரு"ங்கான். நான் எத்தனையோ தடவை அந்தக் கடையில உக்காந்து அத்தான் கதையைச் சொல்லியிருக்கேன். கேட்டுக் கேட்டு அவனுக்கே பாத்த மாதிரி ஆயிட்டு போல. பக்கத்துல வலை தைக்கிறவன் ஒருத்தன், "புதன்கிழமைதான் வருவாரு"ன்னு சேத்தான். உங்கம்மா எல்லாருக்கும் கும்பிடு போட்டா.

கொட்டகைக்குப் பின்னால தமிழ்ப் பொம்பளைங்க தங்குற வீட்டுல இடம் பிடிச்சுக் கொடுத்திருக்கேன். மகாராணி மாதிரி இருக்கா. கவலைப்படாதே.

மாமன்


புன்னைக்காயல்
17 டிசம்பர் 2024

மாமா,

அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி ஜீவமணி பெரியம்மாவிடம். "உங்கம்மா ஒங்கப்பனைக் கூட்டியாரப் போயிருக்கா" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தபோது அவள்கூடச் சிரிக்கவில்லை. போன் செய்தால் அம்மா, "சாப்பிட்டியா? அப்பாவோட வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாள். அந்தக் குரலில் எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

தெருவில் எல்லா வீட்டிலும் ஸ்டார் தொங்குகிறது. நம் வீட்டில் ஏணி பிடிக்க ஆள் இல்லை. ஆபீஸில் கிறிஸ்மஸ் கேக் வெட்டினார்கள், என்னையும் போட்டோவில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். வீட்டுக்கு வந்து இருட்டிலேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் பிரெட் வாங்கித் தின்றேன். ஏஞ்சலின் அத்தை கோயிலில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

அப்பா செத்தபோது எனக்கு ஒரு ஆள்தான் போனார். இப்போது அம்மாவையும் நீங்கள் கூப்பிட்டுக்கொண்டீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொல்லுங்கள். பேச்சிராஜாவையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இனி நான் உங்களை மாமா என்று கூப்பிட மாட்டேன். இது மிரட்டல்தான்.

விஜிலா


மல்பே
30 டிசம்பர் 2024

விஜிலாவுக்கு,

சொல்லிட்டேன்.

கிறிஸ்மஸ் பூசை முடிஞ்சு கோயில் வாசல்லயே சொன்னேன். பொய் சொல்லுததுக்குக் கோயில் வாசல் வசதிப்படாதுன்னு நினைச்சு அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சேன். "அக்கா, நான் முதுகைத்தான் பாத்தேன். முகத்தைப் பாக்கல. பீடி இல்ல, துளு இல்ல, ஒண்ணுமில்ல. எல்லாம் என் வாயி"ன்னு சொன்னேன். அழுதேன் கூட. நான் அழுதா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, வழியில போனவனெல்லாம் நின்னு பாத்தான்.

உங்கம்மா என் கன்னத்தைத் தொட்டா. "விஜி சொல்லிக்கொடுத்தாளாலே?"ன்னு கேட்டா.

"இல்லக்கா, நிசம்."

"சின்னப் பிள்ளையில இருந்து உன் பொய்யி எனக்குத் தெரியும்லே. பொய் சொல்லும்போதுதான் நீ இப்படிக் கண்ணைப் பாத்துச் சொல்லுவே. ஓலையில 'காலஞ்சென்ற'ன்னு போடணும்னு அவளுக்கு அவசரம். உன்னையும் கெடுத்துட்டா."

பேச்சிராஜாவைக் கூட்டிட்டு வந்தேன். அவன் என்னை ஓரமா இழுத்து, "அண்ணாச்சி, நீங்க பாக்கல சரி. நான் பாத்தேன்ல?"ங்கான். அவன் கண்ணைப் பாத்தேன். அந்த ஆளு நிசமாவே நம்புதான்.

இப்போ துறையில மீன் பிரிக்கிற பொம்பளைங்களோட உங்கம்மாவும் போய் உக்காருதா. சாயங்காலம் டீக்கடை பெஞ்சு. புதன்கிழமையானா தலை சீவி, பூ வச்சுக்கிட்டு உக்காருதா. மூணு புதனாச்சு. அன்னைக்கு வரலேன்னா கார்வார் பக்கம் போயிருக்காருன்னு எவனாவது சொல்லுதான். நான் ஆரம்பிச்ச கதை, இப்போ என் கையில இல்லை. நான் வாயை மூடினாலும் நடக்குது.

எழுத்து கோணுது. ஐஸு தூக்குத கை அப்படித்தான்.

அற்புதமணி


புன்னைக்காயல்
11 ஜனவரி 2025

மாமா,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கடைசியாகப் பூ வைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் காட்சியை மனசிலிருந்து தள்ள முடியவில்லை. முதலில் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா? எனக்காக அவள் அப்படி எங்கேயும் காத்திருந்ததில்லை. பிறகு பயம் வந்தது. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டுதான். இன்னும் எத்தனை புதன்கிழமை இருக்கும்?

ஏஞ்சலின் அத்தை மாசி வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்காக இதைக் கேட்கவில்லை. ஜெனோ போனாலும் போகட்டும். எனக்கு அம்மா வேண்டும். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுகிற, என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பின்னுகிற அம்மா.

நீங்கள் உண்மை சொன்னீர்கள், அவள் நம்பவில்லை. இனி எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டாள். அதனால் மாமா, இதை நான் எழுதுகிறேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. நீங்கள் உயிர் கொடுத்த அந்த ஆளை நீங்களே சாகடித்துவிடுங்கள்.

எப்படி என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலை. ஆனால் நோயில் வேண்டாம், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவில்லையே என்று சாகும்வரை அழுவாள். கல்லறையும் வேண்டாம், தேடிப் போவாள். வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

பொய் சொல்லாதீர்கள் என்று நாலு மாதமாகச் சண்டை போட்டவள் நான். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

விஜிலா


மல்பே
28 ஜனவரி 2025

விஜிக்கு,

முடிச்சிட்டேன்.

ஸ்பீடு போஸ்டுல போடுதேன், உங்கம்மாவுக்கு முந்தி இது உன் கையில வந்திரணும். ஞாயித்துக்கிழமை இங்கன கோயில்ல ஒரு பூசை கேட்டிருக்கா, அது முடிஞ்சு ரயிலேறுதா. நீ ஸ்டேசனுக்கு வந்து நில்லு.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு நான் ஒரு வாரம் எப்படி எப்படியோ யோசிச்சேன். பெரிய அலை, கடைசி வார்த்தை, வானத்துல மின்னல், கூட ஒரு தங்கப்பல் வச்ச போட்டு டிரைவரு. எல்லாம் தயாரா வச்சிருந்தேன். என் வாழ்நாள்ல அப்படி ஒரு கதை நான் கட்டினதில்லை. புதன்கிழமை சாயங்காலம் பெஞ்சுல அவ பக்கத்துல போய் உக்காந்தேன். பூ வச்சிருந்தா. ஒண்ணும் வரல, விஜி. அத்தனையும் வாய்க்குள்ளயே செத்துப்போச்சு.

"அக்கா, அத்தான் ஒரு போட்டுல போனாரு. போட்டு வந்துட்டு. அவரு வரல"ன்னேன்.

"எந்தப் போட்டு?"

"தெரியாதுக்கா."

"எங்கன வச்சு?"

"தெரியாது."

"எதுவும் சொன்னாராலே? என்னைப் பத்தி?"

"தெரியாதுக்கா."

அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. நான் தரையைப் பாத்தேன். எங்கிட்ட எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு நான் சொன்னதே இல்லை, பிறந்ததுல இருந்து. அவ தலையில இருந்த பூவை எடுத்து மடியில வச்சா. "அப்போ நிசம்தான்"ன்னா. நான் மட்டும்தான் அழுதேன். முந்தின தடவை புயலு அவரை முக்குச்சு. இந்தத் தடவை நான். அந்த ரெண்டுல எதுக்கு அழுதேன்னு எனக்கே புரியல.

பேச்சிராஜா அன்னைக்குக் கடையை அடைச்சுட்டான். "நல்ல மனுசன். கடைசி டீ என் கடையிலதான் குடிச்சாரு"ன்னு அழுதான். நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. பிளான்டுல பயலுக, "அண்ணாச்சி, ஒரு கதை சொல்லுங்க"ன்னு சுத்தி வாரானுங்க. ஐஸு தூக்கணும்லே, போங்கலேன்னு விரட்டுதேன். நான் இங்கன தூக்குதது ஐஸுதான் விஜி. பதவியெல்லாம் ஒண்ணுமில்ல.

இதைக் கேட்டுக்கோ. நேத்து உங்கம்மா அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்ததை வெளிய நின்னு கேட்டேன். அத்தானுக்குக் கடைசி நேரத்துல ஊரு ஞாபகம் வந்துட்டாம். போட்டுல நின்னுக்கிட்டு, "புன்னைக்காயலுக்குப் போகணும், எம்மவளுக்குக் கல்யாணம்"னு சொன்னாராம். கடலு அன்னைக்குப் பாலு மாதிரி கிடந்துச்சாம். வலி இல்லையாம். நான் தெரியாதுன்னு விட்ட இடத்தையெல்லாம் அவளே நிரப்பிக்கிட்டா. ஒரு இடத்துலயும் தடுமாறல. எனக்கே கண்ணு நிறைஞ்சுட்டு.

ஸ்டேசன்ல இறங்கினதும் உனக்கும் சொல்லுவா. அங்கன நின்னு முழுசாக் கேளு. குறுக்க ஒரு வார்த்தை பேசாத.

உன் மாமன்
அற்புதமணி